சின்னப்பர் என்கிற பவுல்

சவுல் மனந்திரும்பிப் பவுல் ஆனார் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்போம். வேதாகமத்தில் அப்படி இல்லை. தமஸ்குவுக்குப் போகும் வழியில் ஒளி கண்டு விழுந்தவர், அதன் பிறகும் பல அதிகாரங்களுக்குச் சவுல்தான். சைப்ரஸ் தீவில் செர்கியு பவுல் என்ற ரோம ஆளுநரின் முன் நிற்கும்போதுதான், அவருக்குப் பவுல் என்றும் பெயருண்டு என்று அப்போஸ்தலர் நடபடிகள் 13ஆம் அதிகாரம் போகிறபோக்கில் சொல்கிறது.

ஆளுநரும் பவுல், அப்போஸ்தலரும் பவுல். ஏனென்றால் அது அப்போதே பழைய ரோமப் பெயர். லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவர். ரோமர்களின் மூன்றாவது பெயர் பெரும்பாலும் பட்டப்பெயராகத்தான் பிறந்தது. சிசரோ என்ற பெயரில் கொண்டைக்கடலை இருக்கிறது. கவி ஓவிட்டின் குடும்பப் பெயரான நாசோவில் மூக்கு இருக்கிறது. எந்தப் பாட்டனையோ கேலி செய்த பெயர், பேரன் காலத்தில் குலப்பெருமை ஆகிவிடும்.

எமிலியுஸ் குலத்துப் பவுலுஸ்கள் அப்படித்தான் பெயரெடுத்தார்கள். ஒருவர் கி.மு. 216இல் கானே போர்க்களத்தில் ஹன்னிபாலின் படையிடம் உயிரை விட்டார். அவருடைய மகன் கி.மு. 168இல் பித்னாவில் மன்னன் பெர்சியஸைத் தோற்கடித்து, அலெக்சாந்தர் ஆண்ட மாசிடோனிய முடியாட்சிக்கே முடிவு கட்டினார். பிறகு பெருங்குடிகள் சில இந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு முதற்பெயராகவே வைக்கத் தொடங்கின. கி.மு. 11இல் கான்சல் பதவி வகித்தவர் பவுலுஸ் ஃபேபியுஸ் மாக்சிமுஸ். தலையில் சின்னவர், வாலில் ஆகப் பெரியவர்! பெயர் வைத்தவர்கள் சிரித்தார்களோ என்னவோ.

தர்சு நகரத்து யூதரான சவுல், பிறப்பிலேயே ரோமக் குடியுரிமை உள்ளவர். வீட்டுக்கு ஒரு பெயர், ஊருக்கு ஒரு பெயர் என்பது அன்றைய யூதரிடையே சாதாரணம். ஆளுநரை விசுவாசத்துக்குக் கொண்டுவந்த வெற்றியின் அடையாளமாக அவர் பெயரையே சூடிக்கொண்டார் என்று ஜெரோம் எழுதினார். அப்போஸ்தலர்களில் தம்மைக் கடைசியாக எண்ணிய தாழ்மைதான் காரணம் என்றார் அகஸ்டின். எனக்கு இரண்டும் பிற்காலத்து அழகுபடுத்தலாகவே படுகிறது. சவுல், பவுல்: ஓசை ஒத்துப்போனதே போதுமான காரணம். அதோடு, கிரேக்கத்தில் சவுலோஸ் என்பது ஒய்யாரமாக ஆடி நடப்பதைக் குறிக்கும் சொல். கிரேக்கர் நடுவே பேசப் போகிறவருக்கு அந்தப் பெயர் தோதுப்படுமா?

கிரேக்கத்தில் பவுலோஸ், இத்தாலியில் பாவ்லோ, ஸ்பெயினில் பாப்லோ, ரஷ்யாவில் பாவெல் என்று பெரும்பாலான மொழிகள் ஓசையைத்தான் எடுத்துக்கொண்டன. தமிழ்க் கத்தோலிக்கர்களோ பொருளைப் பிடித்தார்கள், சின்னப்பர் என்றார்கள். சீர்திருத்த சபையார் பவுல் என்றே அழைத்துவந்தார்கள். 1995இல் இரு தரப்பாருக்கும் பொதுவாக வந்த வேதாகம மொழிபெயர்ப்பும் பவுலையே வைத்துக்கொண்டது. ஆனால் பேதுருவுக்கும் பவுலுக்கும் சேர்த்து வரும் ஜூன் 29ஆம் தேதித் திருநாள் மூத்த கத்தோலிக்கர்களின் பேச்சில் இன்றும் இராயப்பர் சின்னப்பர் திருநாள்தான்.