அன்டிகிதெரா பொறி: கடலிலிருந்து மீண்ட கணினி

அன்டிகிதெரா பொறி என்பது கிரேக்கத்தின் அன்டிகிதெரா தீவருகே மூழ்கிய கப்பலொன்றிலிருந்து எடுக்கப்பட்ட வெண்கலப் பற்சக்கரக் கருவியாகும். கதிரவன், நிலவு ஆகியவற்றின் நிலையையும் கிரகணங்களையும் கணித்துக் காட்டியதால், அறியப்பட்டவற்றுள் மிகப் பழைய ஒப்புமைக் கணினியாக இது கருதப்படுகிறது. கப்பல் மூழ்கியது கி.மு. முதல் நூற்றாண்டில்.

1900இல் சிமி தீவைச் சேர்ந்த கடற்பஞ்சு குளிப்போர் இக்கப்பலைக் கண்டனர். மறு ஆண்டில் மேலே வந்த பொருள்களில் பளிங்குச் சிலைகளும் வெண்கலச் சிலைகளுமே எல்லாருடைய கண்ணையும் கவர்ந்தன. பச்சை படிந்த ஒரு கட்டி ஏதென்சு தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்தது. 1902 மே மாதத்தில்தான் தொல்லியலாளர் வலேரியோசு இசுடாய்சு அதில் பற்சக்கரம் ஒன்று தெரிவதைக் கவனித்தார்.

கடல் இக்கருவியை அரித்தது, காத்ததும் அதுவே. உப்புநீரில் வெண்கலம் ஏறக்குறைய முழுவதும் செம்பின் உப்புகளாக மாறியிருந்தாலும், மேலே இறுகிய சுண்ணப் படிவு சக்கரங்களின் வடிவைக் கலையாமல் வைத்திருந்தது. எழுத்துகள் சில இடங்களில் அப்படிவின்மேல் இடவலமாகத் தலைகீழாகப் பதிந்தும் உள்ளன. உண்மையான கேடு கரைக்கு வந்தபின் தொடங்கியது. உலரத் தொடங்கியதும் மரப்பெட்டியின் எச்சங்கள் சுருங்கி உதிர்ந்தன. அரிமானப் பொருளும் சுருங்கி வெடித்தது. வெண்கலத்துள் தங்கிய குளோரைடு, காற்றும் ஈரமும் பட்டால் அமிலத்தை உண்டாக்கி மேலும் அரிக்கும். இதை ‘வெண்கல நோய்’ என்பர். இன்று கடலடி உலோகத்தை எடுத்தவுடன் உலரவிடாமல் நீரில் வைத்து, உப்பை மெல்ல நீக்கி, பின்னர் ஈரப்பதம் குறைந்த பெட்டியில் வைக்கின்றனர். அக்காலத்தில் அத்தகைய முறை உருவாகியிருக்கவில்லை. வெள்ளத்தில் நனைந்த பழைய கணினிகளை மீட்போர், மின்சாரம் கொடுக்கும் முன் சுற்றுப்பலகைகளைத் தூய நீரால் கழுவி உலர்த்துவதும் இதே காரணத்தால்தான். அங்கும் செம்பை அரிப்பது எஞ்சிய உப்பே.

டெரெக் டி சோலா பிரைசு 1950களில் இத்துண்டுகளை ஆராயத் தொடங்கினார். 1970களின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட ஊடுகதிர்ப் படங்களைக் கொண்டு 1974இல் விரிவான ஆய்வை வெளியிட்டார். நொறுங்கும் துண்டுகளை வெளியே கொண்டுசெல்ல இயலாததால், 2005இல் 8 டன் எடையுள்ள எக்சு-கதிர் வருடியே ஏதென்சு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவரப்பட்டது. திறக்காமலே உள்ளிருந்த சக்கரங்களையும் எழுத்துகளையும் அது காட்டியது.

அதே ஆண்டு அருங்காட்சியகக் கிடங்கிலிருந்து இன்னொரு துண்டும் கண்டெடுக்கப்பட்டது. நூறாண்டுக்கும் மேலாக அது அங்கேயே இருந்திருக்கிறது! கிரகணங்களைக் காட்டிய 223 மாத வட்டத்தின் ஒரு பகுதி அதில் இருந்தது. அந்த முகப்பு எவ்வாறு இயங்கியது என்பதை விளக்க இத்துண்டு பெரிதும் உதவியது. கிடங்கில் எதை எங்கே வைத்தோம் என்று எழுதி வைப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதி என்பதை அக்காலத்தவர் உணரவில்லை போலும்.

இன்று 82 துண்டுகளும் அவற்றுள் 30 பற்சக்கரங்களும் எஞ்சியுள்ளன. கோள்களின் இயக்கத்தைக் காட்டியதாகக் கருதப்படும் முன்புறச் சக்கரங்களில் பெரும்பாலானவை கிடைக்கவில்லை. எனவே அப்பகுதியின் மீளமைப்புகள் யாவும் கல்வெட்டு வரிகளையும் எஞ்சிய தடங்களையும் நம்பிய ஊகங்களாகவே உள்ளன.