விந்தணு சுமந்து வருவது: மாட்டுப்பட்டி முதல் பை-ஆர்.என்.ஏ. வரை

இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்கு அருகிலுள்ள மாட்டுப்பட்டியில் 1963ஆம் ஆண்டு இந்திய–சுவிஸ் கூட்டுத் திட்டம் தொடங்கப்பெற்றது. பிரவுன் சுவிஸ் காளைகளைக் கேரளத்து நாட்டுப் பசுக்களுடன் கலந்து உருவாக்கப்பட்ட சுனந்தினி இம்மலையிலிருந்தே பரவியது. பின்னர் கேரளக் கால்நடை வளர்ச்சி வாரியம் அப்பணியை ஏற்றது. இன்று மாட்டுப்பட்டியிலும் பாலக்காட்டை அடுத்த தோணியிலும் பொலிகாளைகளின் விந்து, −196 பாகை செல்சியஸ் திரவ நைட்ரஜனில் உறைவிந்துக் குச்சிகளாகச் சேமிக்கப்படுகிறது.

இந்நெடும் பணியின் அடியில் ஓர் எளிய கருத்து இருந்தது: விந்தணு என்பது தந்தையின் டி.என்.ஏ.வைக் கொண்டுசேர்க்கும் கலம். ஆகவே காளை தன் மகள்களின் பாலளவு கொண்டும், விந்து அதன் அணுக்களின் எண்ணிக்கை, அசைவு, வடிவம் கொண்டும் மதிப்பிடப்பட்டன. அக்கருத்துக்குக் காரணம் உண்டு. முதிரும் விந்தணு தன் குழியப்பொருளில் பெரும்பகுதியை உதறிவிடுகிறது. ஹிஸ்டோன்களின் இடத்தைப் பெரும்பாலும் புரோட்டமின்கள் பிடிக்க, படியெடுப்பு நின்றுபோகிறது. எஞ்சிய ஆர்.என்.ஏ. வெறும் மிச்சம் எனக் கருதப்பட்டது.

அக்கருத்து இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆட்டம் கண்டது. மிவி என்னும் மரபணுவை இழந்த ஆண் எலிகளில், விந்தணு உருவாக்கம் வட்டச் செல் நிலையிலேயே நின்றுவிடுவதை 2002இல் ஓர் ஆய்வு காட்டியது. விந்தணுவின் ஆர்.என்.ஏ. சினைமுட்டைக்குள் செல்வதை 2004இல் ஸ்டீபன் கிராவெட்ஸ் குழுவினர் நிறுவினர். மிவி வகைப் புரதங்களுடன் இணையும் பை-ஆர்.என்.ஏ.க்கள் 2006இல் எலியின் விந்தகத்தில் கண்டறியப்பட்டன. ஏறத்தாழ 26 முதல் 31 நியூக்ளியோடைடு நீளமுள்ள இவை எப்புரதத்துக்கும் குறியீடு தருவதில்லை. மரபுத்தொகுதிக்குள் இடம் தாவும் துணுக்குகளை அடக்கிக் காப்பதில் இவற்றுக்குப் பங்குண்டு. தந்தை எலியின் உணவு அதன் விந்தணுவிலுள்ள டி.ஆர்.என்.ஏ. துண்டுகளை மாற்றுவதையும், அம்மாற்றம் குட்டிகளின் வளர்சிதைமாற்றத்தைத் தொடுவதையும் 2016இல் இரு ஆய்வுகள் எடுத்துரைத்தன.

எலியில் கண்டதை அப்படியே காளைக்கு ஏற்றிச் சொல்லலாகாது. எனினும் காளை விந்தணுவின் சிறு ஆர்.என்.ஏ.க்களுக்கும் கருவுறுதிறனுக்கும் உள்ள தொடர்பு இன்று ஆராயப்பட்டு வருகிறது. சினை ஊசி போட்டும் பசு சினைப்படாதபோது குறை பெரும்பாலும் பசுவின்மீதே ஏற்றப்படுகிறது. இழப்பைச் சிறு விவசாயி சுமக்கிறார். நுண்ணோக்கியில் நன்கு நீந்தும் அணுக்களுக்குள்ளும் வேறுபாடு இருக்கக்கூடும் என்னும் அறிவு, பொலிகாளையின் தீவனத்தையும் அது தாங்கும் வெப்பத்தையும் இனவிருத்தி வரலாற்றின் பகுதியாகக் காணுமாறு கோருகிறது.