முன்பணமும் பாண்டும்: 1859 முதல் 2025 வரை

வேலைக்குச் சேரும்போது எழுதி வாங்கும் 'பாண்ட்' ஐடி கம்பெனிகள் கண்டுபிடித்த வித்தை என்றுதான் எங்கள் துறையில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். "இரண்டு வருஷத்துக்குள்ள போனா டிரெய்னிங் செலவைக் கட்டிட்டுப் போ" என்கிற அந்த ஒற்றை வரிக்கு வயது கொஞ்சம் அதிகம். இந்தியாவில் அதன் தடத்தைப் பின்னோக்கித் தேடிப் போனால் 1859-இல் போய் நிற்கிறோம்.

அந்த வருஷம் கொண்டுவந்தது 13-ஆம் எண் சட்டம். தொழிலாளர் ஒப்பந்த மீறல் சட்டம் என்று சொல்லலாம். கல்கத்தாவின் வெள்ளைக்கார வணிகர்கள் சங்கம் கொடுத்த மனுதான் இதற்குத் தூண்டுதல். முன்பணம் வாங்கிய கைவினைஞர்கள் வேலையை முடிக்காமல் போய்விடுகிறார்கள், எங்களுக்கு நஷ்டம் என்பது அவர்கள் புகார். சட்டம் சொன்ன வழி எளிமையானது. முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பணத்தைத் திருப்பித் தரச் சொல்வதா, வேலையைச் செய்து முடிக்கச் சொல்வதா என்று தேர்ந்தெடுப்பது முதலாளியின் விருப்பம். உத்தரவுக்குக் கட்டுப்படாத தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல்.

கவனிக்க வேண்டியது, இது சிவில் விவகாரம். வாங்கிய கடனைத் திருப்பித் தராதது மாதிரிதான். ஆனால் முடிவது ஜெயிலில். அதுவும் ஒரு பக்கத்துக்கு மட்டும். முதலாளி ஒப்பந்தத்தை மீறினால் அவருக்கு இந்தச் சட்டத்தில் ஜெயில் கிடையாது.

மாநகரங்களுக்காகப் போட்ட சட்டம் மெல்ல மெல்ல மற்ற ஊர்களுக்கும் நீண்டது. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள், நம் பக்கத்தில் நீலகிரி, வயநாடு தோட்டங்கள் எல்லாம் இதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டன. சமவெளியில் மேஸ்திரி முன்பணம் கொடுத்து ஆள் பிடிப்பார். மலையேறியவர் கணக்குத் தீரும்வரை இறங்க முடியாது. அதுவும் போதாது என்று 1903-இல் சென்னை மாகாணத்துக்குத் தோட்டத் தொழிலாளர் சட்டம் ஒன்று தனியாக வந்தது. இங்கிலாந்திலேயே இப்படித் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் வழக்கத்தை 1875-இல் கைவிட்டுவிட்டார்கள். இங்கே 1859 சட்டம் செத்தது 1926 ஏப்ரல் 1-ஆம் தேதி. ஐம்பது வருஷ இடைவெளி! காலனி என்றால் என்ன என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு தேதிகளையும் காட்டலாம்.

சரி, ஜெயில் போனது. மிச்சம் என்ன இருந்தது? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். அதில் இரண்டு பிரிவுகள் நமக்கு முக்கியம். 27-ஆவது பிரிவு, ஒருவர் தன் தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. 74-ஆவது பிரிவு, மீறினால் இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய தொகை வெறும் உச்சவரம்பு என்கிறது. இதோடு, ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக வேலை செய்யச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடாது என்பதும் நிலைத்த விதி. ஆக, முதலாளிக்கு மிஞ்சியது பணம் மட்டும். அந்தப் பணம் எவ்வளவு என்பதுதான் அப்போதிலிருந்து நடக்கும் சண்டை.

இதில் எனக்குப் பிடித்த வழக்கு செஞ்சுரி ஸ்பின்னிங். பிடித்தது என்றால் தீர்ப்பு பிடித்தது என்று அர்த்தமில்லை, கதை சுவாரசியம். பம்பாய் அருகே கல்யாணில் டயர் நூல் தயாரிக்க அந்த நிறுவனம் ஹாலந்து, மேற்கு ஜெர்மனி கம்பெனிகளிடம் தொழில்நுட்பம் வாங்கியது. ரகசியம் காக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1963 மார்ச்சில் ஷிப்ட் சூப்பர்வைசராக ஒருவர் ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் சேர்கிறார். டிசம்பர் வரை பயிற்சி. அடுத்த வருஷமே, கோட்டாவில் அதே நூலைத் தயாரிக்கும் போட்டி நிறுவனத்துக்கு மாதம் 560 ரூபாய் சம்பளத்தில் போய்விடுகிறார். அவர் கையெழுத்திட்ட 17-ஆவது ஷரத்தைப் படித்தால் இன்றைய ஆஃபர் லெட்டர் மாதிரியே இருக்கும்: முன்னாடியே போனால் மீதிக் காலத்துக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது, ஆறு மாதச் சம்பளத்தை இழப்பீடாகக் கட்ட வேண்டும், பயிற்சிக்குச் செலவானதையும் திருப்பித் தர வேண்டும்.

1967 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கம்பெனி பக்கம் நின்றது. ஒப்பந்தக் காலத்துக்குள் போடும் தடை 27-ஆவது பிரிவில் வராது என்றது. 1968 மார்ச் வரை அவர் அந்த வேலையை வேறெங்கும் செய்ய முடியாமல் போனது. இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த நிறுவனம் உண்மையிலேயே காசு கொடுத்துத் தொழில்நுட்பம் வாங்கியது, ஒன்பது மாதம் கற்றுக்கொடுத்தது. பிரச்சினை, அந்தத் தீர்ப்பின் நிழலில் பின்னால் வந்து ஒதுங்கியவர்களிடம். 2000-களின் தொடக்கத்தில் நான் சேர்ந்த ஒரு நிறுவனத்தில் (பெயர் வேண்டாம்) பயிற்சி என்பது ஆறு வாரம் ஒரு சீனியர் ஜாவா ஸ்லைடுகளை வாசித்தது. அதற்கு பாண்ட் ஒரு லட்சம், அப்பாவின் ஜாமீன் கையெழுத்து, ஒரிஜினல் மார்க் ஷீட்டும் அவர்கள் பீரோவில். அந்த ஒரு லட்சம் எப்படி வந்தது என்று எங்கள் பேட்ச்சில் யாரும் கேட்கவில்லை.

கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 2011-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் முடிந்த சிக்பா இந்தியா வழக்கு நல்ல உதாரணம். பாண்டில் இருந்தது 2 லட்சம். பயிற்சிக்கு நிறுவனம் காட்டிய செலவு 67,595 ரூபாய். ஊழியர் மூன்று வருஷத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டார். நீதிமன்றம் மூன்றில் ஒரு பங்கு, 22,532 ரூபாய் போதும் என்றது. ஸ்கூல் கணக்குதான். ஆனால் 74-ஆவது பிரிவை இவ்வளவு சுத்தமாகப் போட்டுக் காட்டிய தீர்ப்புகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் வேறு திசையில் போனது. சீனியர் மேனேஜராக 2007-இல் சேர்ந்தவர் 2009-இல் இன்னொரு வங்கிக்குப் போக ராஜினாமா செய்தார். மூன்று வருஷ நிபந்தனைப்படி 2 லட்சத்தை ஆட்சேபத்தோடு கட்டிவிட்டுத்தான் வழக்குக்குப் போனார். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார், உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். இங்கே பேச்சு பயிற்சிச் செலவைப் பற்றியே இல்லை. பொதுத்துறை வங்கி வெளிப்படையாக விளம்பரம் கொடுத்து, தேர்வு நடத்தித்தான் ஆள் எடுக்க முடியும், நடுவில் போனால் மறுபடி அந்தச் செலவு என்ற வாதம் எடுபட்டது. நல்ல சம்பளம் வாங்கும் ஒருவருக்கு 2 லட்சம், ராஜினாமாவையே முடியாததாக்கும் தொகை இல்லை என்றது நீதிமன்றம்.

எனக்கு இதில் உறுத்தல் உண்டு. சிக்பாவில் செலவைக் கூட்டிப் பார்த்துவிட்டு வகுத்தார்கள். இங்கே எழுதிய தொகை அப்படியே நின்றது. அவரும் பாதிக் காலத்துக்கு மேல் வேலை செய்தவர்தான். 1859-இல் கூட மாஜிஸ்திரேட், நியாயம் என்று தோன்றினால் முன்பணத்தில் ஒரு பகுதியை மட்டும் திருப்பித் தரச் சொல்லலாம் என்று சட்டத்தில் இடம் இருந்தது. முன்பணம் என்பது தொழிலாளி கையில் எண்ணி வாங்கிய காசு. 'டிரெய்னிங் காஸ்ட்' என்பது ஹெச்ஆர் எக்செல்லில் அடித்த எண்.

நடைமுறையில் பெரும்பாலான பாண்ட் தகராறுகள் கோர்ட் படியே ஏறுவதில்லை. ரிலீவிங் லெட்டரை நிறுத்தி வைத்தால் போதும், பையன் கடன் வாங்கியாவது கட்டிவிடுவான். அடுத்த கம்பெனியில் சேரும் தேதி நெருங்கும்போது 74-ஆவது பிரிவு எல்லாம் யார் ஞாபகத்துக்கு வரும்? அதனால் என் டீமில் கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். கையெழுத்துக்கு முன்னால் செலவுக் கணக்கை மெயிலில் கேளுங்க, மாதம் ஆக ஆகத் தொகை குறையுமான்னு கேளுங்க. தராவிட்டாலும் கேட்ட மெயில் இருக்கும்.

அடுத்து இலங்கைத் தோட்டங்களின் துண்டு முறை பற்றி எழுத ஆசை. தொழிலாளியின் கடனைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றும் சீட்டு அது, 1921-இல் ஒழித்தார்கள். அதற்கு முன், 1970-க்கு முந்தைய ஆலை, மில் பயிற்சி ஒப்பந்தம் யார் வீட்டுப் பெட்டியிலாவது கிடந்தால், பெயர்களை மறைத்துவிட்டு ஒரு போட்டோ அனுப்புங்க. ஷரத்துகளை மட்டும் படிக்கணும்.