நின்ற வண்டி மீண்டும் ஓடிய வரலாறு

நாட்டின் வரலாற்றை எழுதுவோர் தலைவர்களையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் பற்றியே பெரிதும் எழுதுவர். அத்தலைவர்களைச் சுமந்து சென்ற ஊர்திகளை நினைப்போர் சிலரே. கல்கத்தா மாநகரின் எல்ஜின் சாலையில், நேதாஜி பவனம் என வழங்கும் இல்லத்தில், அத்தகைய ஊர்தி ஒன்று உள்ளது. பி.எல்.ஏ. 7169 என்னும் எண் தாங்கிய 'வாண்டரர்' என்ற ஜெர்மானிய மோட்டார் வண்டி அது. பல பத்தாண்டுகள் ஓடாது நின்ற அவ்வண்டி 2017-ஆம் ஆண்டில் மீண்டும் ஓடும் நிலை எய்தியது. அவ்வரலாற்றை நம் சங்கக் குடும்பத்தினர் அறிந்து மகிழ வேண்டும் என்று விழைந்து இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

1940-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சுபாஷ் சந்திர போஸ் சிறைப்படுத்தப்பட்டார். நவம்பர் இறுதியில் அவர் சிறையிலேயே உண்ணாவிரதம் தொடங்கினார். உடல்நிலை குலையவே, டிசம்பர் 5-ஆம் நாள் அரசாங்கம் அவரை விடுவித்தது. ஆயினும் எல்ஜின் சாலை இல்லத்தைச் சுற்றி ஒற்றர்கள் காவல் இருந்தனர். அக்காவலைக் கடந்து நாட்டை விட்டே வெளியேற அவர் முடிவு செய்தார். அப்பணியில் அவருக்குத் துணையாக வாய்த்தவர், தமையனார் சரத் சந்திர போஸின் மகனும் மருத்துவ மாணவருமான சிசிர் குமார் போஸ். அப்போது அவருக்கு வயது இருபதே.

எந்த வண்டியில் செல்வது என்பது சிறிய கேள்வியன்று. குடும்பத்தில் 'ஸ்டூடிபேக்கர்' என்னும் பெரிய அமெரிக்க வண்டி ஒன்று இருந்தது. ஆற்றலில் சிறந்தது அதுவே. ஆனால் அது சரத் போஸின் வண்டி என்பதை ஊரே அறியும். ஆகவே, எவர் கண்ணையும் ஈர்க்காத வாண்டரரே தேர்ந்தெடுக்கப்பட்டது. நான்கு சிலிண்டர்களும், ஏறத்தாழ 1.8 லிட்டர் கொள்ளளவும், 42 குதிரைத்திறனும் கொண்ட எளிய குடும்ப வண்டி அது.

1941-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் நள்ளிரவு கடந்தபின், முகமது ஜியாவுதீன் என்னும் காப்புறுதி முகவராக வேடம் பூண்ட சுபாஷ் பின் இருக்கையில் அமர, சிசிர் வண்டியைச் செலுத்தினார். கிராண்ட் டிரங்க் சாலை வழியே பர்த்வானையும் ஆசன்சோலையும் கடந்து, காலையில் தன்பாத் அருகிலுள்ள பராரியை அடைந்தனர். அங்கே சிசிரின் தமையனார் அசோக்நாத் வீட்டில், அறிமுகமற்ற விருந்தினர் போலவே சுபாஷ் பகற்பொழுதைக் கழித்தார். அன்றிரவு அதே வண்டி அவரைக் கோமோ ரயில் நிலையத்தில் கொண்டு சேர்த்தது. அங்கிருந்து கால்கா மெயிலில் டில்லிக்கும், பின்னர்ப் பெஷாவருக்கும் சென்று, காபூல் வழியாகப் பெர்லினை அடைந்தார். அவர் வீட்டில் இல்லை என்பது உலகுக்குத் தெரிய வந்தது ஜனவரி 26-ஆம் நாளுக்குப் பின்னரே.

நம்மவருள் பலர் கோமோவை ரயிலில் கடந்து சென்றிருப்பர். அந்நிலையம் 2009 முதல் நேதாஜியின் பெயர் தாங்கியுள்ளது. கால்கா மெயிலும் 2021-இல் நேதாஜி எக்ஸ்பிரஸ் எனப் பெயர் பெற்றது. நிலையத்துக்கும் ரயிலுக்கும் பெயர் சூட்ட ஓர் ஆணை போதும். வண்டியை மீட்பதற்கோ கைத்திறனும் பொறுமையும் வேண்டும்.

நெடுநாள் நின்ற வண்டி உள்ளிருந்தே கெடுகின்றது. தொட்டியில் தங்கிய பெட்ரோல் பிசினாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். பிஸ்டன்கள் துருவேறிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். ரப்பர்க் குழாய்கள் வெடிக்கும், மின்கம்பிகளின் உறை உதிரும், பிரேக்குகள் இறுகும். இத்தகைய வண்டியை அவசரப்பட்டு முடுக்கினால் எஞ்சின் உடைந்து போவதும் உண்டு. ஆகவே, அனுபவமுள்ள மெக்கானிக்குகள் முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டர்களுக்குள் எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊற விடுவர். பின்னர் எஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுழற்றிப் பார்ப்பர். அது தடையின்றிச் சுழன்ற பின்னரே பழைய எரிபொருளை அகற்றித் தொட்டியைக் கழுவிப் புதிய பெட்ரோல் ஊற்றுவர். ஓடுவதற்கு முன் நிற்கக் கற்பிக்க வேண்டும் என்பதால், பிரேக்கைச் சீர்செய்யாது வண்டியைத் தெருவில் இறக்கார்.

வாண்டரருக்கு மற்றோர் இடரும் உண்டு. 1932-இல் ஆடி, டி.கே.டபிள்யூ., ஹார்ச், வாண்டரர் என்னும் நான்கு நிறுவனங்கள் ஒன்றுகூடி 'ஆட்டோ யூனியன்' ஆயின. இன்றைய ஆடி வண்டிகளின் நான்கு வளையங்கள் குறிப்பது அந்த நால்வரையே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வாண்டரர் கார்கள் உற்பத்தியாகவில்லை. ஆகவே, வேண்டிய உறுப்பைக் கடையில் கேட்டுப் பெற வழியில்லை. இத்தடைகளைக் கடந்து புதுப்பிக்கப்பட்ட வண்டியை, குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி 2017 ஜனவரி 18-ஆம் நாள் நேதாஜி பவனத்தில் திறந்து வைத்தார். கோமோப் பயணம் நிகழ்ந்து அப்போது 76 ஆண்டுகள் நிறைந்திருந்தன.

நினைவுச் சின்னத்தைத் தொட்டுப் புதுப்பிப்பது தகுமா என்று வினவுவோர் உளர். அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. புதிய வண்ணம் பூசும்போது பழைய வண்ணம் மறைகின்றது. புதிய இருக்கைத் துணி வந்தால் தலைவர் அமர்ந்த துணி போகின்றது. எனினும், துருவும் காலமும் எதையும் விட்டு வைப்பதில்லை. கைபடாது விட்ட பொருள் காக்கப்பட்ட பொருளாகிவிடாது. கழற்றிய உறுப்பு ஒவ்வொன்றையும் குறித்து வைத்துப் பாதுகாத்து, இன்றியமையாதவற்றை மட்டும் மாற்றி, வண்டியை ஓட வைப்பதே முறை என்பது எங்கள் துணிபு. அவ்வண்டியின் பெருமை அதன் அழகில் இல்லை. அன்றிரவு பழுதின்றி ஓடியதில் உள்ளது. ஓடும் வண்டியாகவே அதனைக் காண்பது இளைஞர்க்கு அவ்விரவை உணர்த்தும்.

இவ்வரலாற்றில் தமிழர்க்கும் பங்குண்டு. கோமோவில் ரயிலேறிய அம்மனிதரே பின்னர் 1943-இல் கிழக்காசியாவில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர் பெருந்திரளாக அதில் சேர்ந்தனர். சென்னையில் மருத்துவம் பயின்ற கேப்டன் லட்சுமியின் தலைமையில் ஜான்சி ராணிப் படை அமைந்தது. தமிழ்ப் பெண்கள் பலர் அதில் அணிவகுத்தனர்.

நம் காலனிகளிலும் உறை போர்த்த பழைய வண்டிகள் இல்லாமற் போகவில்லை. தந்தையார் வாங்கிய அம்பாசடர், பம்பாயில் உருவான பியட், 1961 முதல் சில ஆண்டுகள் சென்னையில் உருவான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஆகியவற்றைப் பலரும் அறிவர். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகப் பதிவு செய்து காக்க 2021-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் வழி வகுத்துள்ளன. அவற்றைப் பழைய இரும்புக்கு எடை போடுமுன், அவ்வண்டிகளைப் பழுது பார்த்த முதியவர் எவரேனும் உளரா எனத் தேடுவோமாக. அவர் கையறிந்த நுட்பத்தை இளைஞர் அருகிருந்து கற்கட்டும். அவ்வண்டியில் யார், எப்போது, எங்கே சென்றனர் என்பதையும் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதி வைப்போமாக. சிசிர் போஸ் அந்த இரவைத் தம் கையால் எழுதி வைத்ததனாலன்றோ, இரும்பும் ரப்பருமான ஒரு வண்டி இன்று நாட்டின் செல்வமாகியுள்ளது!