குறைந்தபட்சக் கூலி (திருநெல்வேலி வட்டாரம்)

ஒரு வேலைக்கு இதற்குக் கீழே கூலி கொடுக்கக் கூடாது என்று அரசு சட்டப்படி விதிக்கும் தொகையே குறைந்தபட்சக் கூலி. நியூசிலாந்து 1894இலும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1896இலும் பிரிட்டன் 1909இலும் இதற்கு வழி செய்தன. 1928இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இதற்கென்றே ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. இந்தியாவில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1948 மார்ச் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. பஞ்சாலை, பீடி, தேயிலை, வாழை, இப்போது சூரிய மின்தகடு என்று பலவகைக் கூலிவேலைகள் தாமிரபரணிப் படுகையில் நெருங்கிக் கிடக்கின்றன. அதனால் இந்தச் சட்டம் எங்கே கைகொடுத்தது, எங்கே கைவிட்டது என்பதை இங்கே எளிதில் பார்க்கலாம்.

சட்டத்துக்கு முன்பே கூலிப் போராட்டம் இருந்தது. ஹார்வி சகோதரர்கள் 1880களில் பாபநாசத்தில் அருவி நீரின் விசையை நம்பி நூற்பாலை தொடங்கினார்கள்; பின்னர் தூத்துக்குடியில் கோரல் ஆலையையும் நிறுவினார்கள். அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த அந்தக் கோரல் ஆலையில் 1908 பிப்ரவரி 27 அன்று தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கூலி உயர்வும் வார விடுமுறையும் முக்கியக் கோரிக்கைகள். வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றார்கள். சில நாட்களிலேயே நிர்வாகம் இறங்கிவந்து கூலியை உயர்த்தியது. மார்ச் 12இல் தலைவர்கள் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கப்பலோட்டியவர் என்ற புகழின் நிழலில் இந்தக் கூலிப் போராட்டம் மங்கிவிட்டது. நியாயமாகப் பார்த்தால் வ.உ.சி.யின் வரலாற்றில் இதற்கும் சம இடம் உண்டு.

1948ஆம் ஆண்டுச் சட்டம் எல்லாத் தொழிலுக்கும் பொதுவானதாக இருக்கவில்லை. அதன் அட்டவணையில் இடம்பெற்ற தொழிலுக்கு மட்டுமே கூலி நிர்ணயம் இருந்தது. பீடி, தேயிலைத் தோட்டம், விவசாயம் ஆகியவை தொடக்கத்திலேயே அதில் இருந்தன. விகிதத்தை 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது திருத்த வேண்டும் என்றது அது. எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுவது? 1957இல் கூடிய 15ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு ஓர் அளவு வகுத்தது: குடும்பத்துக்கு மூன்று நுகர்வு அலகு, ஆளொன்றுக்கு 2,700 கலோரி உணவு, ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள் முதலிய இதரச் செலவுக்கு 20 விழுக்காடு. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், முதுமை ஆகியவற்றுக்காக 25 விழுக்காட்டைச் சேர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991இல் ரெப்டகாஸ் பிரெட் வழக்கில் கூறியது. கணக்கு தெளிவானது, அரசாணைகள் அதை எட்டிப் பிடித்தது அரிது.

தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியோடு சேரும் அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1இல் மாறும். அதற்கு அடிப்படை சென்னை நகர நுகர்வோர் விலைக் குறியீடு. முக்கூடலில் பீடி சுற்றுபவரின் கூலி சென்னைச் சந்தை விலையோடு ஏறுகிறது என்பது அவருக்குச் சாதகமா பாதகமா என்று யாரும் உட்கார்ந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

விவசாயக் கூலி நெடுங்காலம் களத்துமேட்டில் நெல்லாகவே அளக்கப்பட்டது. கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்ட தகராறு முற்றி 1968 டிசம்பர் 25 இரவு தஞ்சை வட்டாரத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். மறு ஆண்டு தமிழ்நாடு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது; ஆனால் அது தஞ்சை வட்டாரத்தை மனத்தில் வைத்தே இயற்றப்பட்டது.

நெல்லை வட்டாரத்தின் கூலிக் கதையில் அதிகப் பக்கங்கள் பீடிக்கு உரியவை. மேலப்பாளையம், முக்கூடல், வீரவநல்லூர், கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் என்று ஊர் ஊராகப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் சொளவை (முறத்தை) மடியில் வைத்துச் சுற்றுகிறார்கள். பீடிக்கடையில் இலையும் தூளும் நூலும் எடை போட்டுத் தருவார்கள். இலையை நனைத்துத் துணியில் சுற்றி வைத்து, அளவுத் தகட்டை மேலே வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளை வைத்து உருட்டி, நூலால் கட்டி, முனையை மடக்க வேண்டும். 25 கொண்ட கட்டுகளாக்கிக் கடையில் கொடுத்தால் பாஸ் புத்தகத்தில் பதிவாகும். கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்பது கணக்கு. ஆயிரம் சுற்ற ஒரு நாள் முழுக்கப் போய்விடும். சமையலும் பிள்ளைகளும் உள்ள வீட்டில் பலருக்கு அதுவும் எட்டாது.

அரசாணையில் எழுதிய தொகை இங்கேதான் கரையத் தொடங்குகிறது. கொடுத்த இலையில் பாதி பூச்சி அரித்ததாக இருந்தால் ஆயிரத்துக்குப் போதாது. மீதி இலையைக் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். கடையில் சரியில்லை என்று கழித்த பீடிக்குக் கூலி கிடையாது. கழித்த பீடி திரும்பி வருவதும் இல்லை. சுற்றும் கையோ பலருடையது, பாஸ் புத்தகமோ ஒருவர் பெயரில். பல கடைகளில் பாஸ் புத்தகமே கிடையாது. அங்கே தொழிலாளி என்ற பதிவும் இல்லை, வைப்பு நிதியும் இல்லை. பீடி மற்றும் சுருட்டுத் தொழிலாளர் சட்டம் 1966இலேயே வந்துவிட்டது. ஆனால் இலை தருபவர் ஒப்பந்தக்காரர், முத்திரை கம்பெனியுடையது என்ற ஏற்பாட்டில் பொறுப்பு கைமாறிக்கொண்டே போகிறது.

கூலியை உயர்த்தினால் தொழில் ஊர் மாறிவிடும் என்ற அச்சத்துக்கும் பீடியிலேயே சான்று உண்டு. கேரளம் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தை 1968இல் நடைமுறைப்படுத்த முனைந்ததும் மங்களூர் கணேஷ் பீடி நிறுவனம் கண்ணூர்ப் பக்கத்துக் கடைகளை இழுத்து மூடியது. வேலையிழந்தவர்கள் அரசு உதவியோடு 1969இல் தினேஷ் பீடிக் கூட்டுறவைத் தொடங்கி நெடுங்காலம் நல்ல கூலியோடு நடத்திக் காட்டினார்கள். அச்சம் பொய்யில்லை, ஆனால் அதற்கு மாற்று இல்லாமலும் இல்லை. நெல்லையில் அந்த அளவுக்கு ஒரு கூட்டுறவு எழும்பாதது பெருங்குறை.

மலைமேல் நடந்த கதை இதைவிடக் கசப்பானது. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த 8,373 ஏக்கர் காட்டில் பாம்பே பர்மா வர்த்தகக் கழகம் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலைத் தோட்டங்களை வளர்த்தது. கூலி உயர்வு கேட்டு 1990களின் இறுதியில் தொழிலாளர்கள் போராடினார்கள், நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அவர்களை விடுவிக்கவும் கூலிப் பிரச்சினையைத் தீர்க்கவும் கோரி 1999 ஜூலை 23 அன்று மருத்துவர் கிருஷ்ணசாமியின் புதிய தமிழகமும் பிற கட்சிகளும் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போயின. காவல்துறை தடியடி நடத்தியது. தப்பிக்க வழியின்றி மக்கள் தாமிரபரணியில் இறங்கினார்கள். ஒரு கைக்குழந்தை, இரண்டு பெண்கள் உட்பட 17 பேர் உயிரிழந்தார்கள். விசாரணைக்கு நீதிபதி மோகன் ஆணையம் அமைந்தது. ஆண்டுதோறும் அதே நாளில் கட்சிகள் ஆற்றில் மலர் தூவுகின்றன. குத்தகை முடிய 4 ஆண்டு இருக்கையில், 2024இல், நிறுவனம் விருப்ப ஓய்வு அறிவித்துத் தோட்ட வேலையை நிறுத்தியது. தொழிலாளர்கள் குடியிருந்த லைன் வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனதும் நான்கு தலைமுறை வாழ்ந்த கூரையும் கேள்விக்குறியானது.

திருவைகுண்டம் பக்கத்து வாழைத்தார் சுமப்போரின் கூலியை மாரி செல்வராஜின் 'வாழை' (2024) திரைப்படம் பேசுகிறது. தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கிறார்கள். கூட்டிக் கொடுத்த வியாபாரி வண்டிச் செலவை மிச்சம் பிடிக்க, தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஆட்களையும் ஏற்றி அனுப்புகிறார். ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கும் இந்த உத்தியைச் சட்டப் புத்தகங்களைவிட அந்தப் படம் தெளிவாகக் காட்டிவிட்டது.

உயர்வை எதிர்ப்போரின் முதன்மை வாதம், தொழிலால் தாங்க முடியாது என்பது. கேரள ஓட்டுத் தொழில் தொடர்பான உண்ணிச்சோயி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961இலேயே அதை ஏற்க மறுத்தது: குறைந்தபட்சக் கூலி கொடுக்க முடியாத தொழிலுக்கு நடக்க உரிமை இல்லை. 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமான வழக்கில், அதற்குக் குறைந்த கூலி கட்டாய உழைப்புக்குச் சமம் என்றது. தீர்ப்புகள் இவ்வளவு உறுதி. நடப்பிலோ, தமிழ்நாட்டுத் தையல் தொழிலுக்கு 2004க்குப் பிறகு 2014இல்தான் விகிதம் திருத்தப்பட்டது. அதையும் முதலாளிகள் வழக்குப் போட்டு நிறுத்திவைத்தார்கள். 2016இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளியது. உயர்த்துவதா வேண்டாமா என்ற விவாதத்தில் காலத்தாழ்வும் ஒருவகைக் குறைப்பு என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

கங்கைகொண்டான் இந்த வரலாற்றின் புதிய அத்தியாயம். சிற்றாற்றங்கரையில், நெல்லைக்கு வடக்கே நான்குவழிச் சாலையை ஒட்டிய சிப்காட் வளாகத்தில் குளிர்பான ஆலையும் டயர் ஆலையும் வந்தன. டாடா பவரின் சூரிய மின்தகடு ஆலையை 2025 பிப்ரவரியில் முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். அங்கே வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண்கள். கிராமங்களுக்குக் கம்பெனி வேன் வந்து ஏற்றிப்போகிறது. அரசு வைக்கும் கூலி அளவுகளைப் பார்த்தால், நூறு நாள் வேலைத் திட்டத்துக்குத் தமிழ்நாட்டில் 2025-26க்கான நாள்கூலி 336 ரூபாயாக இருந்தது. நடுவண் அரசு அறிவித்த தேசிய அடித்தளக் கூலியோ 1996இல் 35 ரூபாயில் தொடங்கி 2017இல் 176 ரூபாய்க்கு வந்தது. 2019இல் அனூப் சத்பதி குழு 375 ரூபாய் பரிந்துரைத்தும் அது 178 ரூபாய்க்கே நகர்ந்தது. பல தொழில்களில் மாநகராட்சிப் பகுதிக்கு ஒரு விகிதம், கிராமத்துக்கு அதைவிடக் குறைந்த விகிதம். கங்கைகொண்டான் ஓர் ஊராட்சி; ஆனால் அங்கே தயாராகும் பொருளின் சந்தை விலை ஊராட்சிக்கும் மாநகராட்சிக்கும் வேறுபடுவதில்லை.

ஆகவே உயர்த்தத்தான் வேண்டும். அதோடு மாநகராட்சி, கிராமம் என்ற மண்டலப் பிரிவையும் கைவிட வேண்டும். ஆனால் பீடியும் வாழையும் காட்டுவது, தொகையை மட்டும் கூட்டினால் இடையில் நிற்பவர் அதை விழுங்கிவிடுவார் என்பதையே. ஒப்பந்தக்காரர் கொடுக்காத கூலியை முதன்மை முதலாளி கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970இலேயே சொன்னது. அதை அமல்படுத்தப் போதிய ஆய்வாளர்கள் தேவை.

2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பை நடுவண் அரசு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன்படி அட்டவணை என்ற வேலி நீங்கி, எல்லா வேலைக்கும் குறைந்தபட்சக் கூலி உண்டு. பழைய சட்டத்தில் குறைவாகக் கொடுத்த முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரை. இப்போது 50,000 ரூபாய் வரை. விட்டுப்போன கூலியைக் கோர முன்பு 6 மாதமே அவகாசம் இருந்தது. இப்போது 3 ஆண்டு.