பெக்கோ பூட்டிய சிறு டிராக்டர்: மலையக வீட்டு வடிகால் வேலையில்

முன்பக்கம் மண் அள்ளும் வாளியும் பின்பக்கம் தோண்டும் கையும் பூட்டிய, 20 முதல் 40 குதிரைவலு வரையிலான நான்கு சக்கர டிராக்டர். தோண்டும் கையையும், அக்கை கொண்ட தனி இயந்திரத்தையும் இலங்கையில் பெக்கோ என்பர். காணி பரந்து கிடக்கும் நாடுகளில் வீட்டைச் சுற்றி வடிகால் வெட்டவும் குழாய் பதிக்கவும் இதைச் சொந்தமாகவே வாங்கிவிடுகிறார்கள். குபோட்டா பிஎக்ஸ்23எஸ் இவ்வகையில் பெயர்பெற்றது. அதன் கை ஏறத்தாழ ஆறடி ஆழம் எட்டும். நுவரெலியா மாவட்டத்து வட்டகொடையில் கணக்கு வேறு.

தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையிலுள்ள ரயில் நிலையம் வட்டகொடை. சுற்றிலும் தேயிலை மலைகள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை, ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. லயங்களும் தனி வீடுகளும் பெரும்பாலும் சரிவை வெட்டிச் சமப்படுத்திய தட்டுகளில் நிற்கின்றன. பின்சுவருக்கும் வெட்டிய மண்மேட்டுக்கும் நடுவே சில அடி இடைவெளிதான். மேட்டிலிருந்து ஊறும் நீர் அங்கே தேங்கி அத்திவாரத்துக்குள் இறங்குகிறது.

ஆகவே முதலில் வெட்ட வேண்டியது மேட்டுக்கு மேலே, சரிவுக்குக் குறுக்காக ஓடும் கான். தேயிலை மலைகளில் குறுக்குக் கானுக்குச் சுமார் 120 அடிக்கு ஓரடி வாட்டம் கொடுப்பது வழக்கம். வாட்டம் கூடினால் நீர் கானையே அரிக்கும்; குறைந்தால் மண் படிந்து அடைக்கும். கான் வெட்டிப் பழகிய தோட்டத் தொழிலாளர் இந்த வாட்டத்தை மட்டப்பலகை இல்லாமலே பிடித்துவிடுவார்கள், எந்த இயந்திர ஓட்டுநருக்கும் இது எளிதல்ல.

வேலையின் அளவும் சிறியது. வீட்டுத்திட்டங்களில் பல குடும்பங்களுக்குக் கிடைத்த காணி 7 பேர்ச்சஸ், அதாவது ஏறத்தாழ 177 சதுர மீட்டர். அதன் மேல் ஓரத்தில் 40 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி ஆழத்தில் கான் வெட்டினால் வெளிவரும் மண் 120 கன அடி: ஒரு கியூப்பும் கொஞ்சமும். பாறை குறுக்கிடாவிட்டால் மண்வெட்டி, அலவாங்குடன் இரண்டு மூன்று பேர் ஓரிரு நாளில் முடிக்கும் வேலை. இதற்காக டிராக்டர் வாங்குவது வீண்செலவு.

நீண்ட கான், கல் நிறைந்த மண், பல வீடுகளுக்கான குழாய்க்குழி என்றால் இயந்திரம் வேண்டும். அப்போதும் சிறு டிராக்டர் முதல் தெரிவாகாது. தோண்டும்போது அது இரு பக்கத் தாங்குகால்களையும் ஊன்றி நிற்க வேண்டும். கானின் கோட்டிலேயே நின்று, தோண்டத் தோண்ட முன்னே நகர வேண்டும். ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம் என்றிருக்கும் தட்டில் அவ்வளவு சமநிலம் கிடைக்காது. சங்கிலிப் பட்டையில் ஓடும் 1.7 தொன் வகைச் சிறு பெக்கோ ஏறத்தாழ ஒரு மீட்டர் அகல வழியில் நுழையும். முழு வட்டமாகத் திரும்பும். கையை ஓரமாக ஒதுக்கிச் சுவரை ஒட்டியும் தோண்டும். ஆனாலும் படிக்கட்டு வழி மட்டுமே உள்ள வீட்டுக்கு அதுவும் போகாது. ஏழு தொன்னைத் தாண்டும் வழக்கமான ஜேசிபி பாதையோர வேலைக்கு உரியது, வீட்டு முற்றத்துக்கு அல்ல.

பள்ளத்தாக்கின் சமநிலத்தில் மரக்கறித் தோட்டமும் வைத்திருப்பவர், வேறு பல வேலைக்கும் உதவுமென்று டிராக்டர் வாங்கலாம். அவர் முதலில் பார்க்க வேண்டியது பெக்கோ பூட்டப்பட்ட விதம். மூன்று முனை இணைப்பில் மட்டும் தொங்குவது டிராக்டரின் பின்பகுதியை முறிக்கக்கூடும். அடிச்சட்டத்தோடு பிணைத்தது நல்லது. பழைய இயந்திரமென்றால் மணிக்கணக்குக் காட்டியை நம்பாமல் கையின் மூட்டு ஆணிகளை ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் அதிகமானால் வாளி நேர்கோட்டில் நிற்காது.

இயந்திரம் கையில் இருந்தால் தேவைக்கு மேல் தோண்டும் ஆசை வரும். மண்மேட்டின் அடியை ஆழமாக வெட்டினால் மேடு தன் தாங்கலை இழக்கிறது. வெட்டிய மண்ணைச் சரிவின் விளிம்பில் குவித்தால் கீழ்வீட்டுக்கு ஆபத்து. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவுக்குப் பிறகு மலையகத்தில் இதை அலட்சியமாக எடுக்க முடியாது. நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாக ஊறும் சேற்றுநீர் தெரிந்தால் வேலையை நிறுத்தித் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினாலே அந்நிறுவனம் விழிப்பு அறிவித்தல் விடுக்கும். 150 மில்லிமீட்டரைத் தாண்டினால் வெளியேறும்படி அறிவிக்கும்.

வட்டகொடையில் ஒரு தனி வீட்டுக்கு ஏற்றது மண்வெட்டியும் கான் வெட்டத் தெரிந்த ஆட்களுமே. ஒரே வரிசையில் உள்ள வீட்டார் சேர்ந்து செய்வதானால், மழை ஓய்ந்த பெப்ரவரி, மார்ச்சில் சிறு பெக்கோ ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம்.