ஆறு உருளைப் பொறியும் அதன் மூச்சும்

பழைய நாற்சக்கர இயக்க வண்டிகளை ஓட்டத்தில் வைத்திருப்போர் பலரும் முதலில் கேட்கும் வினா ஒன்றுண்டு. எந்தக் கார்புரேட்டரை மாற்றிப் பொருத்தினால் வண்டிக்கு வலுக் கூடும் என்பதே அது. இதற்குரிய விடையை அப்பொறி தோன்றி வளர்ந்த வரலாற்றிலும், அது ஓடவேண்டிய மண்ணிலும் தேடவேண்டும் என்பது என் கருத்து. காற்றையும் பெட்ரோலையும் கலந்து தருவதால் அதனைக் ‘கலப்பி’ எனத் தமிழில் வழங்கலாம். ஆயின் பட்டறையில் அச்சொல்லைக் கேட்டு எவரும் திரும்பிப் பார்க்கமாட்டார். ஆதலின் மக்கள் வழக்கையே கைக்கொள்கிறேன்.

1738ஆம் ஆண்டில் டேனியல் பெர்னூலி, பாயும் பொருளின் விரைவு மிகுமிடத்தில் அதன் அழுத்தம் குறையும் எனும் உண்மையை நூலாக வெளியிட்டார். 1797இல் இத்தாலியரான வெஞ்சூரி, நடுவே ஒடுங்கிய குழாய்களில் நீரோட்டம் இயங்கும் முறையை ஆராய்ந்து எழுதினார். இவ்விருவரும் மோட்டார் வண்டியைக் கனவிலும் கண்டவரல்லர். எனினும், குழாயின் ஒடுங்கிய இடையில் விரைந்தோடும் காற்று அங்கே பெட்ரோலைத் தானே உறிஞ்சித் தூவும் என்பது இவர்கள் கண்ட உண்மையின் பயனேயாகும். கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை பெற்ற வண்டியில் எரிநெய்யின் மேற்பரப்பிலிருந்து எழும் ஆவியே பயன்பட்டது. தூவும் முறைக் கார்புரேட்டரை 1893இல் செருமானியரான மைபாக் அமைத்தார். அதே ஆண்டில் அங்கேரியரான பாங்கியும் சோங்காவும் இத்தகைய கருவிக்குக் காப்புரிமை பெற்றனர். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிலாந்தில் காலணி வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த இசுகின்னர் உடன்பிறப்பாளர், காற்றின் தேவைக்கேற்பத் தானே விரிந்து ஒடுங்கும் தொண்டையுடைய எசு.யு. கார்புரேட்டரை உருவாக்கினர். அதன் முதல் வடிவங்களில் தோலால் தைத்த துருத்தி இருந்தது. கொல்லன் உலைக்களத்துத் துருத்தியைக் கண்டு பழகிய நமக்கு அது வியப்பாகாது.

ஆறு உருளைகளையும் ஒரே வரிசையில் நிறுத்திய பொறி, அதிர்வின்றி ஓடும். குறைந்த சுழற்சியிலும் சலிக்காது இழுக்கும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் ஜி.எம்.சி. இரண்டரை டன் லாரிகள் இத்தகைய பொறியைக் கொண்டே ஓடின. டொயோட்டா நிறுவனத்தின் முதற்பொறி 1935இல் செவர்லேயின் ஆறு உருளைப் பொறியைப் பின்பற்றி அமைந்ததாகும். அம்மரபில் வந்த 3.4 லிட்டர்ப் பொறியுடன் 1951இல் ஒரு வண்டி பியூஜி மலையின் ஆறாம் நிலைவரை ஏறிக் காட்டியது. 1954இல் அவ்வகை வண்டிக்கு லேண்ட் குரூசர் எனும் பெயர் வழங்கப்பட்டது. பின்னர் 3,878 கன செண்டிமீட்டர் கொள்ளளவுள்ள ‘எப்’ பொறியும், 1975இல் 4,230 கன செண்டிமீட்டர் ‘2எப்’ பொறியும் வந்தன. நம் தோட்டத்துரைமார் பெரிதும் விரும்பிய லேண்ட் ரோவரோ, 1948இல் நான்கு உருளையுடன் வெளிவந்து, 1967இல்தான் நீண்ட உடலமைப்புக்கு 2.6 லிட்டர் ஆறு உருளைப் பொறியைப் பெற்றது.

இவ்வண்டிகள் இங்கு உழைத்த உழைப்பை எண்ணிப் பார்த்தால் தேர்வின் நெறி தெளிவாகும். கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் பிரெஞ்சுக்காரரான போகோன்யே செம்பனையை வணிகப் பயிராக நடத் தொடங்கினார். தோட்டத்தின் பெயர் தென்னை, விளைச்சலோ செம்பனை! அறுத்த குலையை நாள்கணக்கில் போட்டுவைக்க இயலாது. எண்ணெயில் புளிப்பு ஏறிவிடும். ஆதலால் மழையாயினும் சேறாயினும் சாலை ஓடவேண்டும், மேற்பார்வை வண்டியும் ஓடவேண்டும். வடக்கே சுங்கை ஆயர் தாவார் பக்கம் சென்றாலோ கடலோரக் களிமண்ணும் வாய்க்கால் வரம்புகளுமே மிகுதி. ‘ஆயர் தாவார்’ என்னும் மலாய்த்தொடர் நன்னீரைக் குறிப்பது. அந்நீர்தான் பொறிக்கு முதற்பகை. பெட்ரோல் ஆவி அழுந்தும், நீர் அழுந்தாது. மூச்சுக்குழாய் வழியே ஒரு குவளை நீர் உருளைக்குள் புகுந்தாலே பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். காற்று வாயைக் கூரையளவு உயர்த்தும் குழாயைப் பொருத்துவது, கார்புரேட்டரைப் பற்றி எண்ணுவதற்கு முன்பே செய்யவேண்டிய பணி.

வெயிற்காலத்தில் செம்மண் தூசு வேறு. பழைய லேண்ட் குரூசரிலும் லேண்ட் ரோவரிலும் இருந்த எண்ணெய்த் தொட்டி வடிகட்டியைப் பழம்பொருள் என்று கழற்றி எறிவோர் உளர். காற்று எண்ணெயின் மேல் சட்டெனத் திரும்பும்போது தூசு எண்ணெயில் விழுந்து தங்கிவிடும். எண்ணெயை மாற்றினால் வடிகட்டி மீண்டும் புதியதே. அதனைக் கழற்றிவிட்டுத் திறந்த சல்லடையைப் பொருத்துவது நம் சாலைகளுக்கு ஏற்ற மாற்றமன்று என்பேன்.

அடுத்தது வெப்பம். டொயோட்டாவின் ‘எப்’ பொறியில் காற்று புகும் குழாய்த்தொகுதியும் புகை வெளியேறும் தொகுதியும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாகப் பிணைந்திருக்கும். குளிர்நாட்டில் பெட்ரோல் ஆவியாவதற்கு அவ்வெப்பம் வேண்டும். இங்கோ, சூடேறிய வண்டியை நிறுத்திச் சற்று நேரம் சென்று முடுக்கினால், மிதவைக் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்துப் பொறி திணறுகிறது. கார்புரேட்டரின் அடியில் வெப்பந்தடுக்கும் தடித்த இடைத்தகடு ஒன்றை வைப்பது செலவில் சிறிது, பயனில் பெரிது.

இனிக் கார்புரேட்டருக்கு வருவோம். நான்கு வீச்சுப் பொறி இரு சுழற்சிக்கு ஒருமுறையே தன் கொள்ளளவை நிரப்புகிறது. 3,878 கன செண்டிமீட்டர்ப் பொறி நிமிடத்திற்கு 4,000 முறை சுழன்றால், முழுதாக நிரம்பினும் 7,756 லிட்டர்க் காற்றே வேண்டும். நடைமுறையில் ஐந்தில் நான்கு பங்கு நிரம்புவதாகக் கொண்டால் ஏறத்தாழ 6,200 லிட்டர். அமெரிக்கர் அளக்கும் முறையில் 220 கன அடி. தோட்டத்துச் சேற்றில் ஊரும்போது அதில் பாதியும் வேண்டியதில்லை. இத்தகைய பொறிக்கு 600 கன அடிக் கார்புரேட்டரை வாங்கிப் பொருத்தினால் என்னாகும்? தொண்டை அகன்றுவிட்டதால் காற்றின் விரைவு குறையும். வெஞ்சூரி கண்ட உறிஞ்சல் தளரும். பெட்ரோல் துளிதுளியாகச் சொட்டும். எந்தக் குறைந்த சுழற்சி இழுவைக்காக இப்பொறி பெயர்பெற்றதோ அதுவே பறிபோகும். ஒரு தொண்டை முதலிலும் மற்றொன்று தேவை மிகும்போதும் திறக்கும் இரட்டைத்தொண்டைக் கார்புரேட்டர் இதற்கு உகந்தது. தொழிற்சாலையிலிருந்து வந்ததும் அவ்வகையாயின், அதனைச் செம்மையாகப் புதுப்பிப்பதே முதல் வழி. 2.6 லிட்டர் லேண்ட் ரோவருக்கு இன்னும் சிறிய தொண்டையே போதும்.

மூன்று கார்புரேட்டர் வைப்போரும் உண்டு. நடுவில் ஒரே கார்புரேட்டர் இருக்கும்போது முதலாம், ஆறாம் உருளைகளுக்கு நெடுந்தொலைவு கடந்தே கலவை செல்லவேண்டும். சில வேளை அவை பட்டினி கிடக்கும். 1961இல் வந்த ஜாகுவார் ‘ஈ’ வகைக் காரில் மூன்று எசு.யு. கார்புரேட்டர்கள் அமைந்தன. விரைவுக் காருக்கு அது தக்கதே. மூன்றையும் ஒரே அளவாகத் திறக்கவைக்கும் பொறுமையும் கைத்திறனும் உடையவர் அருகில் இல்லையெனில், சேற்றில் ஓடும் வண்டிக்கு அது தலைவலியாகும். வரம்போரம் வண்டி ஒருபுறம் சாயும்போது மிதவைக் கிண்ணங்கள் மூன்றிலும் பெட்ரோல் ஒதுங்குவதையும் நினைக்கவேண்டும்.

மாற்றம் பயன் தந்ததா என்று அறிய விலைமிகுந்த கருவி வேண்டா. வழக்கமான பாரத்துடன் சிறிது தொலைவு ஓட்டிப் பொறியை நிறுத்துக. ஆறிய பின்னர் ஆறு தீப்பொறிச் செருகிகளையும் கழற்றி, ஒன்று முதல் ஆறுவரை வரிசையாகப் பலகைமேல் வைத்துப் பார்க்க. கறுத்துக் கரி படிந்திருப்பின் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருப்பின் குறைவு. இளம் பழுப்பு நிறமே வேண்டுவது. நடுவிலுள்ளவை பழுப்பாகவும் இரு கோடியிலுள்ளவை வெளுத்தும் இருந்தால், புதிய கார்புரேட்டரை நோக்கிக் கைநீட்டுமுன் குழாய்த்தொகுதியின் இரு முனைகளிலும் உள்ள இணைப்புத் தாள்களில் காற்றுக் கசிகிறதா என்று பார்க்கவேண்டும்.